மேட்டூர் நிலவரம் போல உப்பு நிலவரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் மட்டம் உயர்வதைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். சுவர் இடிந்து தொங்கும் வீடு, வேர் தெரியச் சாய்ந்த தென்னை, பின்னால் நுரைத்து எழும் அலை. அந்தப் படத்தில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் காவிரிக் கடைமடையில் கடல் வேறு இரண்டு வழிகளிலும் ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து வடிகால் வழியாக வயலுக்கு ஏறுவது ஒன்று. மணலுக்கு அடியில் நகர்ந்து ஆழ்துளைக் கிணறான போருக்குள் வருவது மற்றொன்று. இவை சத்தமில்லாமல் நடப்பதால் படம் எடுக்க முடியாது. அளந்தால்தான் தெரியும், அதை யாரும் ஒழுங்காக அளப்பதில்லை. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழு. 2006-க்குப் பிறகு வேகம் கூடி, ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆகிவிட்டது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மி.மீ. என்று நம் புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கையும் சொல்கிறது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் என்ன உயரமோ, ஏறத்தாழ அவ்வளவு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 2050 வாக்கில், இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய 20 செ.மீ. கூடியிருக்கும் என்பதில் நிபுணர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2100-க்கான கணிப்பில்தான் இடைவெளி அதிகம். புகையை வெகுவாகக் குறைத்தால் 28 முதல் 55 செ.மீ., கட்டுப்பாடே இல்லாமல் விட்டால் 63 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை.

மலைப்பாங்கான கடற்கரைக்கு 20 செ.மீ. ஒரு பொருட்டே அல்ல. நாகை மாவட்டக் கடைமடையில் வயல்கள் பலவும் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலேதான் கிடக்கின்றன. போதாக்குறைக்கு நிலமும் தாழ்கிறது. டெல்டா என்பது ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொட்டித் தன்னைத் தானே உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய நிலம். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே மிஞ்சிய மணலை லாரிகள் அள்ளிப் போகின்றன. பழைய வண்டல் மட்டும் தன் பாரத்தில் தானே அமுங்கிக்கொண்டிருக்கிறது. கடல் ஏறுவதும் நிலம் இறங்குவதும் ஒன்றாகச் சேரும்போது கடைமடை விவசாயிக்கு இரட்டைக் கணக்கு.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் கரையில் கடல் மட்டம் ஆண்டு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. கோடையில் தாழ்ந்தும் ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சாண். அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டி, வயலிலிருந்து தண்ணீர் வடிய வேண்டிய அதே மாதங்களில்தான் கடலும் உயரத்தில் நிற்கிறது. இதோடு புயல் உந்திவரும் நீரும் அமாவாசை, பௌர்ணமி ஓதமும் (கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது) சேர்ந்தால் வடிகால் என்பது பெயருக்குத்தான்.

வடிகால் நேரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கரையில் ஓதம் ஏறி இறங்கும் வீச்சு ஒரு மீட்டருக்குள்தான். ஒரு முகத்துவாரத்தில் அது 0 முதல் 80 செ.மீ. வரை என்று வைத்துக்கொள்வோம். வடிகாலில் தேங்கிய மழைநீரின் மட்டம் 50 செ.மீ. கடல் 50 செ.மீ.க்குக் கீழே இருக்கும் நேரத்தில் மட்டுமே தண்ணீர் வெளியேறும். அது ஒரு நாளில் ஏறத்தாழ 14 மணி நேரம். கடல் மட்டம் 20 செ.மீ. கூடினால் அதே வடிகாலுக்கு 10 மணி நேரம்தான் கிடைக்கும். 40 செ.மீ. கூடினால் ஐந்தரை மணி நேரம். அந்த நேரத்திலும் மட்ட வித்தியாசம் குறைவு என்பதால் ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கும். சம்பாப் பயிர் தண்ணீருக்குள் மூன்று நாள் நிற்பதா, ஏழு நாள் நிற்பதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். கடல் வயலை மூழ்கடிக்கத் தேவையே இல்லை. மழைநீரை வெளியே விடாமல் மறித்தாலே போதும்.

அடுத்து ஷட்டர். வெண்ணாற்றுக் கிளைகளான பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு ஆகியவற்றின் கடைக்கோடியில் ரெகுலேட்டர்கள், அதாவது ஷட்டர் வைத்த மதகுகள், இருப்பதே இரண்டு வேலைக்கு. மழை வெள்ளத்தை வெளியே விட வேண்டும், ஓதம் ஏறும்போது உப்புநீரை உள்ளே விடக் கூடாது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாறு உபவடிநிலத்துக்கென்று நடந்த திட்டத்தில் இவற்றில் பலவற்றைச் சீரமைக்கவும் புதிதாகக் கட்டவும் பணம் ஒதுக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ரெகுலேட்டர் கட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. அதன் ஷட்டருக்கு அடியில் கசிவை அடைக்கும் ரப்பரை மாற்றுவது ஒவ்வொரு ஆண்டும் செய்ய வேண்டிய வேலை. திறப்பு விழாவும் கல்வெட்டும் முதல் வேலைக்கு மட்டும்தான்.

ரப்பர் தேய்ந்தாலோ சரியாக உட்காராவிட்டாலோ என்ன ஆகும்? 2 மீட்டர் அகல ஷட்டர் ஒன்று. அடியில் ஒரு செங்கல் துண்டோ, நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டோ சிக்கி 5 செ.மீ. இடுக்கு விழுந்திருக்கிறது. வெளியே ஓதம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிட 30 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. அந்த இடுக்கு வழியாக நொடிக்கு ஏறத்தாழ 145 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 5 லட்சம் லிட்டர். அது கடலும் ஆறும் பாதிக்குப் பாதி கலந்த நீர் என்றாலும், ஒரு மணி நேரத்தில் உள்ளே வரும் உப்பு 9 டன். ஒரு லாரி லோடு. ரெகுலேட்டரின் மேலே நின்று பார்த்தால் ஷட்டர் மூடித்தான் இருக்கும். உள்பக்கம் அடியிலிருந்து லேசாகச் சுழித்து மேலே வரும் கலங்கலைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இடுக்கு தெரியும்.

ஷட்டர் கெடும் விதமும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கவாட்டுக் காடியில் கொட்டலசு (கல் போல ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) ஒட்டி வளர்கிறது. ஷட்டரை இறக்கும்போது அது ரப்பரைக் கிழிக்கிறது. அடிப்படியில் மணல் சேர்ந்து ஷட்டர் முழுதாக உட்காருவதில்லை. திருகுத்தண்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிப் போகிறது. அதைச் சுழற்ற இரண்டு பேர் போதாமல் நான்கு பேர் தொங்குகிறார்கள், கடைசியில் கைப்பிடி உடைகிறது. பிறகு பாதி திறந்த நிலையிலேயே அந்த வருடம் முழுக்க நிற்கும். இதற்கான மருத்துவம் மலிவானது. தண்ணீர் குறைவாக இருக்கும் சித்திரை, வைகாசியில் ஷட்டரை முழுதாகத் தூக்கிக் காடியைச் சுரண்ட வேண்டும். அடிப்படியில் படிந்த மணலை வாரி, ரப்பரை மாற்றி, திருகுத்தண்டுக்கு கிரீஸ் பூச வேண்டும். இரும்புத் தகட்டில் துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினால் துரு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், ஷட்டர் பிழைக்கும். படகுக்காரர்களைக் கேட்டால் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

சின்ன வடிகால்களுக்கு ஆள் வைத்து ஏற்றி இறக்கும் ஷட்டரே வேண்டாம். மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட ஒருவழிக் கதவு போதும். உள்ளே தண்ணீர் உயர்ந்தால் தானாகத் திறக்கும், வெளியே ஓதம் ஏறினால் தானாகச் சாத்திக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு ஓதம் ஏறும்போது எந்தப் பணியாளரும் வந்து ஷட்டர் இறக்கப் போவதில்லை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். இதற்கு எதிரி ஆகாயத்தாமரை. கதவுக்கு உள்பக்கம் இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி ஒரு கம்பித் தடுப்பு வைத்து வாரம் ஒருமுறை தாமரையை வாரிப் போடாவிட்டால், ஒரு கொத்து சிக்கினாலே கதவு இரு வழிக்கும் திறந்த கதவாகிவிடும்.

இனி அளக்கும் விஷயம். கைக்கு அடக்கமான இ.சி. மீட்டர் இப்போது சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அது காட்டும். திரையில் மைக்ரோ சீமன்ஸ் கணக்கில் 1,000 என்று காட்டினால் ஆய்வுக்கூட அறிக்கையில் அது 1 டெசிசீமன்ஸ். லிட்டருக்கு ஏறத்தாழ 640 மி.கி. உப்பு. கடல்நீர் ஏறத்தாழ 50 டெசிசீமன்ஸ், லிட்டருக்கு 35 கிராம். பாசன நீர் 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை, 3-ஐத் தாண்டினால் எந்தப் பயிருக்கும் யோசித்துத்தான் விட வேண்டும். வாங்கிய மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. 1413 என்று அச்சிட்ட சோதனைக் கரைசல் பாக்கெட் விற்கிறது. மாதம் ஒருமுறை அதில் முக்கி, 1413 காட்டும்படி திருத்திக்கொள்ள வேண்டும். வெயிலில் வைத்த வாளித் தண்ணீரில் அளந்தால், வெப்பத்தைத் தானே ஈடுகட்டாத மீட்டர் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் வீதம் கூட்டிக் காட்டும்.

ஆற்றில் அளப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மேல் தண்ணீரை மொண்டு பார்ப்பது. உப்புநீர் கனம் என்பதால் அடியில் ஆப்பு போல நுழைகிறது, நல்ல நீர் அதன்மேல் மிதந்து போகிறது. மேலே குடிக்கும்படி இருக்கும் அதே இடத்தில் ஒரு ஆள் ஆழத்தில் கடல் இருக்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனிக் கயிறும் பாட்டிலுக்குத் தனிக் கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். அடி தட்டும்வரை இறக்கி, ஒரு முழம் தூக்கி, தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். குமிழி வருவது நின்றதும் தூக்குங்கள். அந்தப் பாட்டில் சொல்வதுதான் அடி நிலவரம். கொள்ளிடத்தில் எதுவரை உப்பு ஏறியிருக்கிறது என்ற வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் அளந்ததால் வருவதுதான்.

ஆற்று மணலை ஆழமாகத் தோண்டிய இடங்களில் இந்த ஆப்பு இன்னும் உள்ளே வரும். அடிமட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தில் ஒருமுறை இறங்கிய உப்புநீர், அடுத்த பெருவெள்ளம் அடித்துத் தள்ளும்வரை அங்கேயே குளமாகக் கிடக்கும். அங்கிருந்து பக்கத்துப் போர்களுக்குள் ஊறும். கடல் மட்டம் நூறு ஆண்டில் செய்ததை மணல் குவாரி ஐந்து ஆண்டில் செய்துவிடும்.

நிலத்தடி நீருக்கு வருவோம். வேதாரண்யம் பக்கத்து மணல் மேடுகளின் அடியில் கிடக்கும் நல்ல நீர், உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீர். இதற்கு நூறு ஆண்டுக்கு முந்தைய எளிய கணக்கு ஒன்று உண்டு. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதைப்போல 40 மடங்கு ஆழம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். கிணற்றில் தண்ணீர் கடல் மட்டத்தைவிட 50 செ.மீ. மேலே நின்றால் கீழே 20 மீட்டர் நல்ல நீர். அந்த 50 செ.மீ. 30 ஆகக் குறைந்தால் 20 மீட்டர் 12 ஆகிவிடும். குறைவது இரண்டு வகையில் நடக்கலாம். கடல் 20 செ.மீ. ஏறலாம், அல்லது நாம் இறைத்து 20 செ.மீ. இறக்கலாம். முதலாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், இரண்டாவதற்கு ஒரு கோடை போதும். கடலைக் குறை சொல்லும் முன் மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நடந்தது அதுவே. 1969-இல் கரையிலிருந்து 3 கி.மீ. தள்ளியிருந்த உப்பு எல்லை 1987-இல் 9 கி.மீ.க்கு வந்துவிட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டில் கடல் உயர்ந்தது சில சென்டிமீட்டர்கள்தான். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்கும் இறைத்த தண்ணீர்தான் கடலை இழுத்து வந்தது.

போர் போடுபவர்களிடம் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று சொன்னால், இன்னும் 20 அடி இறக்கலாம் என்பார்கள். மணல் மேட்டு நீருக்கு இது தற்கொலை. ஆழமாகப் போகப் போக உப்பு எல்லைக்கு அருகில்தான் போகிறோம். மோட்டார் ஓடும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு போல எம்பி வரும். அங்கே செய்ய வேண்டியது, ஒரு ஆழ்துளைக்குப் பதிலாக மேலோட்டமான நாலைந்து ஊற்றுகள், குறைந்த குதிரைத்திறன் மோட்டார், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். சோதனையும் எளிது. மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒரு அளவு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு அளவு. இரண்டாவது எண் கூடுதலாக இருந்தால் கூம்பு எழுகிறது என்று பொருள். அன்றைக்கே நேரத்தைக் குறைத்தால் தப்பலாம். நாக்கில் தெரியும்வரை காத்திருந்தால் தப்ப முடியாது. 100 குடம் நல்ல தண்ணீரில் 2 குடம் கடல்நீர் கலந்தால் குளோரைடு லிட்டருக்கு 380 மி.கி. தாண்டிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவு 250. ஆனாலும் அந்தத் தண்ணீரைப் பலரும் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள்.

டெல்டாவின் வேறு பகுதிகளில் நிலைமை தலைகீழ். மேலே உப்பு, களிமண் அடுக்குக்குக் கீழே நல்ல நீர். அங்கே ஆழப் போர் சரிதான், ஆனால் குழாய்க்கும் துளைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, களிமண் அடுக்கு நெடுக, சிமெண்ட் பாலால் அடைக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க ஜல்லியைக் கொட்டி விட்டுவிடுகிறார்கள். மேலே உள்ள உப்பு அந்த ஜல்லி வழியாகவே கீழே இறங்கி நல்ல நீரைக் கெடுக்கிறது. கைவிட்ட போர்களும் துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களும் இதையே செய்கின்றன. குழந்தைகள் விழுந்துவிடாமல் இருக்க மட்டும் மூட வேண்டியவை அல்ல அவை. வாயில் ஒரு மூடி போட்டால் போதாது. அடியிலிருந்து மேல்வரை களிமண்ணும் சிமெண்டும் இட்டு அடைக்க வேண்டும்.

வயலில் உப்பு ஏறிவிட்டால் என்ன செய்வது என்பது 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டம் நன்றாகவே கற்றுக்கொண்ட பாடம். மண்ணின் பசைநிலைச் சாற்றில் (மண்ணைத் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து எடுக்கும் சாறு) 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் அது உவர் நிலம். நெல்லுக்கு 3 வரை நஷ்டமில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 12 சதவீத மகசூல் போகும். 6 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. மண்ணை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் ஆய்வுக்கூட எண், பசைநிலை எண்ணைவிட மிகவும் குறைவாகத்தான் வரும். அந்த எண்ணை இந்த அளவுகோலில் வைத்து, நம் நிலம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏமாறுகிறவர்கள் நிறைய.

கழுவும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடல்நீர் ஏறிய களிமண்ணில் வெறும் நல்ல தண்ணீரைப் பாய்ச்சி வடித்தால் உப்பு போய்விடும், ஆனால் சோடியம் களித்துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உப்பு குறையக் குறைய மண் கரைந்து குழம்பாகி, காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். அதன்பின் தண்ணீர் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே பி.எச்., சோடியம் இரண்டையும் சோதித்து, தேவைப்பட்டால் முதலில் ஜிப்சம். ஆய்வுக்கூடம் சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதியை இட்டு உழுது, வரப்பை உயர்த்தி, 10 முதல் 15 செ.மீ. தண்ணீர் கட்டி, சேறாக்கி, ஒன்றிரண்டு நாள் விட்டு வடிக்க வேண்டும். இப்படி மூன்று, நான்கு முறை. ஒரு அடி ஆழ மண்ணை அலச ஒரு அடி தண்ணீர் அதன் ஊடாக இறங்கியாக வேண்டும், அப்போதுதான் ஐந்தில் நான்கு பங்கு உப்பு போகும். மேலோடு வழித்து ஓடிய தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. பக்கத்தில் இரண்டு அடி ஆழ வடிகால் வெட்டாமல் இதைச் செய்தால் உப்பு அடுத்தவர் வயலுக்குத்தான் போகும். பிறகு தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45-ஆம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழவு. நடவில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்.

நெல்லுக்கு உப்பு கடிக்கும் பருவம் இரண்டு. நாற்றின் இளம் பருவம், பிறகு பூப்பும் பால் பிடிப்பதும். தூர் கட்டும்போது ஓரளவு தாங்கும். ஆகவே 30 நாள் கடந்த முற்றிய நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடலாம். திருச்சி வேளாண் கல்லூரி தந்த திருச்சி 1, திருச்சி 3 ரகங்களும், நம் பழைய குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான் போன்றவையும் இதற்கென்றே இருப்பவை. ஆனால் எந்த ரகமானாலும் தை மாதத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது. மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் உப்பு ஆப்பு திரும்ப உள்ளே ஏறும். பிந்தி நட்ட சம்பாவும் தாளடியும் அப்போது பால் பிடிக்கும் பருவத்தில் நிற்கும். பதர் விழுந்தபின் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் ஒரு வாரம் பிந்தி வருவதன் விலை இங்கேதான் தெரியும்.

கரை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறோம். 1990 முதல் 2018 வரை ஆய்வு செய்ததில் தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கண்டது. எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதக் கூடாது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது இன்று நேற்றல்ல. நம் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நடுவில் துறைமுகச் சுவரை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரைந்ததும் ஒரே காரணத்தால்தான். கருங்கல் சுவர் அலையைத் திருப்பி அடிக்கிறது, அதன் காலடி மணலை அது தோண்டிக்கொண்டு போகிறது, சுவர் முடியும் இடத்தில் அடுத்த ஊர் கரைகிறது. அந்த ஊருக்கு மறுபடி கல் கேட்டு மனு. தெற்கே தேங்கிய மணலை வடக்கே எடுத்துப் போடுவது இதைவிட உருப்படியான செலவு. கரையோர மணல் மேட்டைத் தோண்டாமல், அதன்மேல் படரும் அடும்பங்கொடியையும் ராவணன் மீசையையும் பிடுங்காமல் விடுவதற்குச் செலவே கிடையாது.

அலையாத்திக் காடு நடுவதற்கும் ஒரு வார்த்தை. நாற்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். பிச்சாவரத்தில் காடு அழிந்ததற்குக் காரணத்தைத் தேடியபோது, பழைய காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை அமுங்கிக் குழிந்து, ஓதநீர் தேங்கி, கோடையில் ஆவியாகி உப்பு பன்மடங்கு கூடியிருந்தது தெரிந்தது. அதன்பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள், வெண்கண்டல் பிடித்தது. முத்துப்பேட்டையிலும் அதையே செய்தார்கள். நீரோட்டத்தைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரம் நாற்று நட்டாலும், தாழ்ந்த சேற்றில் நட்டவை மூழ்கிச் சாகும், குழிந்த இடத்தில் நட்டவை உப்பில் கருகும்.

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம் ஒரு கோரிக்கை. கடைமடை ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலும் கடல் பக்கமும் வயல் பக்கமும், மேல் தண்ணீரிலும் அடித் தண்ணீரிலும் என நான்கு அளவு, வாரம் ஒருமுறை, ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். கடலோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் இரண்டு கிணறு, ஒரு போர், மாதம் ஒருமுறை. எண்ணை ரெகுலேட்டர் சுவரிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதிப் போட வேண்டும். ஒரு லஸ்கரும் (மதகுப் பணியாளர்) ஒரு மீட்டரும் ஒரு பாட்டிலும் இருந்தால் நடக்கிற காரியம். வயல் பக்க எண் கூடிவிட்டால் ஷட்டரில் இடுக்கு என்று அன்றே தெரியும், பதர் விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு ஆகியவற்றை நாள்தோறும் அச்சிடுகிறீர்கள். டெல்டாவில் காபி ஆறுவதற்குள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்குக் கீழே வாரம் ஒருமுறை இரண்டு வரி ஒதுக்குங்கள். வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, கொள்ளிடம் கடைக்கோடியில் உப்பு எவ்வளவு, போன வாரம் எவ்வளவு, போன ஆண்டு இதே வாரம் எவ்வளவு. முதல் சில வாரம் நீர்வளத்துறையிடம் எண் இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலையே அந்த இடத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனம், நிலத்தடி நீர்ப் பணிகளில் உள்ள வாசகர்கள்,
நாகப்பட்டினம் மாவட்டம்.